காயத்தை மட்டும் எழுதிக் கொடுக்காதீர்கள்: மாற்றுத்திறனாளி கொடுப்பனவுக்கு விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்கு

அண்ணாவின் விண்ணப்பம் முதல் தடவை திரும்பி வந்தது. முதுகெலும்புக்குப் பக்கத்தில் போரில் பட்ட ஒரு எறிகணைத் துண்டு 2009இலிருந்து கிடக்கிறது, எடுக்கப்போனால் கால் வழங்காமல் போகலாம் என்று அப்படியே விட்டுவிட்டார்கள். பார்க்கிறவர்களுக்கு அவர் சும்மா நடந்து திரிகிற மனிதர். விண்ணப்பத்தில் வைத்தியர் நிரப்பும் பகுதியில் இருந்தது ஒரே ஒரு வரி: முதுகில் பழைய காயம். அரை மணித்தியாலத்துக்கு மேல் ஒரே இடத்தில் இருக்க முடியாது, கிணற்றில் ஒரு வாளி தண்ணீர் அள்ள முடியாது, சலம் போவது கட்டுப்பாட்டில் இல்லாததால் பஸ்ஸில் ஏறவே பயப்படுகிறார், இதெல்லாம் அந்தத் தாளில் எங்கேயும் இல்லை. தாளில் இல்லாததைக் கந்தோரில் இருப்பவர் எப்படி அறிவார்?

இரண்டாவது தடவை வேறு மாதிரிச் செய்தோம், சரிவந்தது. அதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் வன்னியில் இந்த உதவிக்கு உரித்தான எத்தனையோ பேர் ஒரு தடவை திரும்பி வந்ததோடு விட்டுவிட்டு வீட்டில் இருக்கிறார்கள்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம்தான் இலங்கையில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கிற சட்டம். உடலிலோ மனதிலோ உள்ள ஒரு குறைவினால், அது பிறவியில் வந்ததோ இடையில் வந்ததோ, வாழ்க்கைக்குத் தேவையானவற்றை முழுமையாகவோ ஓரளவுக்கோ தானாகச் செய்துகொள்ள இயலாதவர் யாரோ அவர்தான் மாற்றுத்திறனாளி என்று அது வரையறுக்கிறது. கவனியுங்கள், கை இருக்கிறதா கால் இருக்கிறதா என்று அது கேட்கவில்லை. தானாக என்ன செய்ய முடியாது என்றுதான் கேட்கிறது. காயம் எப்படி வந்தது, யாருடைய குண்டு, நீங்கள் அப்போது எங்கே இருந்தீர்கள் என்பதும் அந்த வரையறையில் இல்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், காயத்தின் கதையைச் சொல்லப் பயந்தே விண்ணப்பிக்காமல் இருக்கிறவர்கள் எங்கள் பக்கத்தில் இருக்கிறார்கள். பிறவியிலேயே காது கேளாத பிள்ளையும், தென்னையால் விழுந்தவரும், மிதிவெடியில் கால் இழந்தவரும் நிரப்புவது ஒரே விண்ணப்பம்தான்.

இன்னொரு குழப்பம், பெயர். ஒரு தாளில் மாற்றுத்திறனாளி என்று இருக்கும், இன்னொன்றில் வலுவிழந்தோர், இன்னொன்றில் அங்கவீனர், வேறொன்றில் விசேட தேவையுடையோர். பழைய சொல்லும் புதிய சொல்லும் கலந்து கிடக்கிறதே தவிர ஆள் ஒருவர்தான். வேறு ஆட்களுக்கான திட்டமாக்கும் என்று திரும்பி வந்துவிடாதீர்கள்.

எந்தக் காசு எங்கிருந்து வருகிறது

இதைத் தெரிந்துகொள்ளாமல் போனால் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு அலைய வேண்டியதுதான்.

பெரும்பாலானோர் தேடிப் போவது மாற்றுத்திறனாளிகளுக்கான மாதாந்தக் கொடுப்பனவு. நாடு முழுவதற்கும் பொதுவான மத்திய அரசாங்கத் திட்டம் அது. முதலில் 3,000 ரூபாய், பிறகு 5,000, பிறகு 7,500 என்று வந்து, 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 10,000 ரூபாயாக உயர்த்தினார்கள். சிறுநீரக நோயாளர்களுக்கும் அதே அளவுக்கு உயர்ந்தது. இந்தக் காசு இப்போது அஸ்வெசும என்ற அரசாங்க நலன்புரி உதவி ஏற்பாட்டின் கீழ், நலன்புரி நன்மைகள் சபை ஊடாக வங்கிக்கு வருகிறது.

அஸ்வெசும என்றதும் பலர் குழம்புகிறார்கள். அஸ்வெசும குடும்பத்துக்கு, மாற்றுத்திறனாளி கொடுப்பனவு ஆளுக்கு. குடும்பத்தின் நிலையை 22 குறிகாட்டிகளால் அளந்து, எந்தப் பிரிவில் வருகிறது என்று பார்த்துக் கொடுப்பது ஒன்று. அந்த வீட்டில் இருக்கிற மாற்றுத்திறனாளியின் பெயருக்கு வருவது இன்னொன்று. ஆகவே அஸ்வெசும கிடைக்கிற வீடு என்பதற்காக மாற்றுத்திறனாளி கொடுப்பனவுக்கு விண்ணப்பிக்காமல் விடாதீர்கள். அஸ்வெசும கணக்கெடுப்புக்கு வருகிறவர் வீட்டில் நோயாளரோ மாற்றுத்திறனாளியோ இருக்கிறார்களா என்று கேட்பார். அப்போது ஒளிக்க வேண்டாம். தங்கைக்குக் கலியாணம் பேசுகிற நேரம் வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருக்கிறது என்று வெளியில் தெரியக்கூடாது என்று ஒரு தாய் மறைத்ததை நேரில் பார்த்திருக்கிறேன். அந்தத் தாயைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது, ஆனால் பிள்ளையின் பெயர் எந்தப் பதிவிலும் ஏறாமலே வருடங்கள் போய்விட்டன.

மூன்றாவது, மாகாண சமூக சேவைத் திணைக்களத்தின் பொதுசன உதவிப்பணம். எங்கள் ஊர்ப் பழைய ஆட்கள் இதைப் பிச்சைச் சம்பளம் என்பார்கள், அந்தச் சொல்லை இனியாவது விட்டுவிட வேண்டும். மாதாந்தக் கொடுப்பனவோடு பார்க்கையில் சிறிய தொகை. இரண்டுக்கும் போவது அநேகமாக ஒரே சமூக சேவை உத்தியோகத்தரிடம் என்பதால், எந்தத் திட்டத்துக்கு என்னுடைய பெயரைப் போடுகிறீர்கள் என்று வாய்விட்டுக் கேளுங்கள். ஏற்கெனவே ஏதாவது உதவி எடுக்கிறீர்களென்றால் அதையும் சொல்லிவிடுங்கள், பிறகு தெரியவந்தால் வீண் சிக்கல்.

போரில் காயப்பட்டதற்கான இழப்பீடு முற்றிலும் வேறு விடயம். முன்பு புனர்வாழ்வு அதிகாரசபை பார்த்தது, இப்போது 2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான இழப்பீட்டுக்கான அலுவலகம் பார்க்கிறது. அங்கே காயம் எப்போது எப்படி ஏற்பட்டது என்பதற்கு ஆதாரம் கேட்பார்கள். மாதாந்தக் கொடுப்பனவு விண்ணப்பத்தோடு இதைப் போட்டுக் குழப்பாதீர்கள், தனியாகச் செய்யுங்கள்.

பைல் ஒன்று கட்டுங்கள்

விண்ணப்பத்தைக் கையில் எடுப்பதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், குடும்ப அட்டை இருந்தால் அது, அஸ்வெசும பதிவு இலக்கம், வங்கிப் புத்தகம், கிளினிக் கொப்பி, ஆஸ்பத்திரியில் தந்த நோயறி அட்டை, எக்ஸ்ரே, முன்பு எந்தக் கந்தோரிலிருந்தாவது வந்த கடிதங்கள். எல்லாவற்றிலும் மூன்று போட்டோக் கொப்பி. மூலப் பிரதியை ஒருவரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள், காட்டிவிட்டுத் திரும்ப வாங்குங்கள்.

இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து எல்லாம் போய்விட்டதே என்கிறீர்களா? வன்னியில் அப்படி இல்லாத வீடு எது. பிறப்புப் பதிவு இருந்து சான்றிதழ்தான் தொலைந்தது என்றால் பிரதேச செயலகப் பதிவாளர் பிரிவில் புதிய பிரதி எடுக்கலாம். பதிவே இல்லை என்றால் காலங்கடந்த பதிவு, அதற்கும் வழியில்லை என்றால் உத்தேச வயதுச் சான்றிதழ். அடையாள அட்டைக்குக் கிராம அலுவலர் ஊடாக விண்ணப்பிக்கலாம். பழைய மருத்துவத் துண்டுகள் போயிருந்தால் அதற்காகக் கலங்காதீர்கள், மாதாந்தக் கொடுப்பனவுக்கு முக்கியம் இன்றைய நிலைமை. இன்றைக்குக் கிளினிக்கில் பதிந்து, கொப்பி எடுத்து, ஒழுங்காகப் போகத் தொடங்கினால் அடுத்த சில மாதங்களில் புதிய ஆதாரம் தானாக உருவாகிவிடும். ஒழுங்காக நிரம்பிய கிளினிக் கொப்பி பழைய எக்ஸ்ரேயை விடப் பெறுமதி என்று அனுபவத்தில் கண்டிருக்கிறேன்.

விண்ணப்பப் படிவம் பிரதேச செயலகத்தில் சமூக சேவைப் பிரிவில் இருக்கும். அது இலவசம். எடுத்துத் தருகிறேன், மேலிடத்தில் ஆள் தெரியும், ஐயாயிரம் தாருங்கள் என்று யாராவது வந்தால் கொடுக்காதீர்கள். படிவத்தில் ஒரு பகுதி உங்களுடையது, ஒரு பகுதி கிராம அலுவலர் வதிவிடத்தையும் வருமானத்தையும் உறுதிப்படுத்துவது, ஒரு பகுதி அரசாங்க வைத்தியர் நிரப்புவது. தனியார் கிளினிக்கில் எடுத்த சான்றிதழைக் கொண்டுபோய் அலையாதீர்கள். கிளிநொச்சி, வவுனியா மாவட்டப் பொது வைத்தியசாலைகளிலோ, முல்லைத்தீவென்றால் மாஞ்சோலை வைத்தியசாலையிலோ, மல்லாவி மாங்குளம் போன்ற ஆதார வைத்தியசாலைகளிலோ உங்களை வழமையாகப் பார்க்கிற வைத்தியர்தான் சரி. மாங்குளத்தில் புனர்வாழ்வுச் சிகிச்சைக்கென்றே வசதி வந்திருக்கிறது, முள்ளந்தண்டுப் பாதிப்பு, அவயவம் இழந்தது போன்ற நிலையில் இருக்கிறவர்கள் அங்கே தொடர்பு எடுத்து வைத்திருப்பது நல்லது.

வைத்தியரிடம் போகும்போது

எங்களுக்கு மாற்றம் தந்த இடம் இதுதான், ஆகவே கொஞ்சம் நீட்டுகிறேன்.

கிளினிக்கில் நூறு பேர் நிற்கிற நாளில் வைத்தியருக்கு உங்களோடு இருக்கக் கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம். அந்த நேரத்துக்குள் அவர் காண்பது காயத்தைத்தான், உங்கள் வீட்டையும் கிணற்றையும் அவர் காணவில்லை. அதனால் முதல்நாள் இரவு இருந்து ஒரு அரைத்தாளில் எழுதுங்கள். அழகான தமிழ் தேவையில்லை. விடியப்புறம் எழும்புவதிலிருந்து இரவு படுக்கிறவரைக்கும் ஒரு நாளை மனதில் ஓடவிட்டு, எந்த இடத்தில் இன்னொருவரின் கை தேவைப்படுகிறது என்று குறியுங்கள். பாயிலிருந்து தானாக எழும்ப முடியுமா. குந்தியிருக்கிற மலசலகூடத்தைப் பாவிக்க முடியுமா, யார் தூக்கிவிடுகிறார்கள். தண்ணீர் அள்ளிக் குளிக்க முடியுமா. சட்டைப் பொத்தான் பூட்ட முடியுமா. அடுப்புக்கு முன்னால் இருந்து சமைக்க முடியுமா. சந்திக் கடைவரை நடக்க எவ்வளவு நேரம், இடையில் எத்தனை தடவை நிற்க வேண்டும். வயலுக்கோ கூலி வேலைக்கோ போக முடியுமா, கடைசியாக எப்போது போனது. மற்றவர் கதைப்பது கேட்கிறதா, விளங்குகிறதா. காசை எண்ணி மிச்சம் வாங்கத் தெரியுமா. தனியாக விட்டுவிட்டு வெளியில் போக முடியுமா. இரவில் வலியால் எத்தனை தடவை விழிக்கிறார்.

அண்ணாவுக்கு இப்படிப் பதினொரு வரி வந்தது. அண்ணிதான் பாதியைச் சொன்னார், அண்ணா வாயே திறக்கவில்லை. அந்தத் தாளை டொக்டரிடம் கொடுத்து, ஐயா, இதை ஒருக்கால் பார்த்துவிட்டு எழுதுங்கள் என்று கேட்டோம். அவர் வாசித்தார், இரண்டு கேள்வி கேட்டார், ஒரு சோதனைக்கு அனுப்பினார், பிறகு அந்தப் பெட்டி நிறைய எழுதினார். நீண்டநேரம் நிற்கவோ இருக்கவோ பாரம் தூக்கவோ முடியாது, சிறுநீர்க் கட்டுப்பாடில்லை, உடலுழைப்பு செய்ய முடியாது, நிரந்தரமான நிலை. நிரந்தரம் என்ற அந்தச் சொல் முக்கியம். உங்கள் நிலை மாறப்போவதில்லை என்றால் அது எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வெளியே வாருங்கள். எழுதியிருப்பது ஆங்கிலத்தில் இருந்தால் என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள், கேட்பதில் ஒரு பிழையும் இல்லை.

கூட்டிச் சொல்லவும் வேண்டாம். இல்லாததை எழுதினால் வீடு பார்க்க வரும்போது பிடிபடும், பிறகு உண்மையானதையும் நம்பமாட்டார்கள். ஆனால் எங்கள் ஆட்களிடம் நான் பார்க்கிற பிழை அது இல்லை, குறைத்துச் சொல்வதுதான். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் உடனே, ஓம், பரவாயில்லை, ஏதோ சமாளிக்கிறேன். கிளினிக்கிலும் அதே பதில், கந்தோரிலும் அதே பதில். மாதத்தில் நல்லாயிருக்கிற மூன்று நாளைச் சொல்லாமல், கூடாத நாள்கள் எப்படி இருக்கும், மாதத்தில் எத்தனை நாள் அப்படி என்று சொல்லுங்கள். பேச முடியாதவர் என்றால், அல்லது வெட்கப்படுகிறவர் என்றால், கூடவே பராமரிக்கிற ஆள் ஒருவர் கட்டாயம் போக வேண்டும்.

வெளியில் தெரியாத பாதிப்புகளுக்கு இது இன்னும் பொருந்தும். மனநோய், வலிப்பு, தலையில் காயம்பட்டதன் பிறகு வந்த மறதி, கேள்விக் குறைபாடு, கற்றல் குறைபாடு. சட்டத்தின் வரையறையில் மனதும் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். மனநலக் கிளினிக்கில் மருந்து எடுக்கிறவர் அந்தக் கொப்பியை ஒளிக்காமல் பைலில் முதலாவதாக வையுங்கள்.

கொடுத்த பிறகு

விண்ணப்பத்தைக் கொடுக்கும்போது உங்கள் பிரதியில் திகதி போட்டு ஒரு ஒப்பம் அல்லது முத்திரை வாங்குங்கள். இதைச் செய்யாததால் நாங்கள் ஒரு வருடத்தை இழந்தோம், ஒரு கந்தோரில் கொடுத்த விண்ணப்பம் வரவேயில்லை என்றார்கள், கொடுத்ததற்கு எங்களிடம் ஆதாரம் இல்லை. பொதுமக்கள் சந்திக்கும் நாள் எது என்று முன்கூட்டியே போன் எடுத்துக் கேட்டுவிட்டுப் போங்கள். துணுக்காயிலோ ஐயன்கன்குளத்திலோ இருந்து ஒரு பஸ்ஸைப் பிடித்து வந்து, உத்தியோகத்தர் களத்துக்குப் போய்விட்டார் என்று கேட்பது எவ்வளவு கொடுமை என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். மாற்றுத்திறனாளியை ஒவ்வொரு தடவையும் கூட்டிக்கொண்டு அலையத் தேவையில்லை, கட்டாயம் வரவேண்டுமா என்று முதலில் கேளுங்கள்.

உத்தியோகத்தர் வீடு பார்க்க வருவார். வீட்டைக் கூட்டி அழகுபடுத்தி, ஆளைப் புதுச் சாரத்தோடு கதிரையில் இருத்தி வைக்காமல், வழக்கமாக எப்படியோ அப்படியே இருங்கள். ஏணைக்கயிறு கட்டி எழும்புகிறவர் என்றால் அந்தக் கயிற்றைக் காட்டுங்கள்.

எல்லாம் சரியென்றாலும் ஒதுக்கீடு வரும்வரை காத்திருப்போர் பட்டியலில் பெயர் கிடக்கலாம். மாதக்கணக்கு, சிலவேளை அதற்கும் மேல். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போய்க் கேளுங்கள், மரியாதையாக, ஆனால் விடாமல். பதில் ஒன்றும் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அந்தக் கந்தோரின் தகவல் உத்தியோகத்தருக்குத் தமிழில் ஒரு கடிதம்: இன்ன திகதியில் நான் கொடுத்த விண்ணப்பம் இப்போது எந்த நிலையில் இருக்கிறது, பட்டியலில் என் இடம் எத்தனையாவது, நிராகரித்திருந்தால் காரணம் என்ன. தகவலைத் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். சண்டைக்குப் போகிற மாதிரி இருக்குமே என்று யோசிக்காதீர்கள், இப்படி ஒரு கடிதம் போனால் பைலைத் தேடி எடுப்பார்கள், எங்களுக்கு அதுதான் வேண்டும். நிராகரித்தால் எழுத்தில் காரணம் கேட்டு, அந்தக் காரணத்துக்கு மட்டும் பதில் சொல்லி மேன்முறையீடு செய்யுங்கள். போனில் கேட்பதென்றால் அஸ்வெசும விடயமாக 1924, பொதுவாக எந்த அரசாங்க அலுவலுக்கும் 1919, இரண்டிலும் தமிழில் கதைக்கலாம். அநியாயம் நடந்தது என்று உண்மையாகவே நினைத்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு 1996 என்ற இலக்கத்தில் பேசலாம்.

வங்கிக் கணக்கு மாற்றுத்திறனாளியின் பெயரில் இருக்க வேண்டும். ஒப்பம் வைக்க முடியாதவர் பெருவிரல் அடையாளம் வைக்கலாம். பிள்ளை என்றாலோ தானாக நடத்த முடியாதவர் என்றாலோ பாதுகாவலரைச் சேர்த்துத் திறப்பதைப் பற்றி வங்கியிலும் சமூக சேவை உத்தியோகத்தரிடமும் கேட்டு, இருவரும் சொல்வது ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு திறவுங்கள். ஏரிஎம் அட்டையையும் இரகசிய இலக்கத்தையும் கடைக்காரரிடம் கொடுத்து வைக்கிற பழக்கம் சில இடங்களில் இருக்கிறது, அதைச் செய்யவே வேண்டாம்.

மாதக் காசோடு நின்றுவிடாதீர்கள்

அதே சமூக சேவைப் பிரிவில் சக்கர நாற்காலி, ஊன்றுகோல், காது மெஷின், வெள்ளைப் பிரம்பு, வீடு திருத்த உதவி, சுயதொழில் உதவி, மருத்துவ உதவி என்று தனித்தனி விண்ணப்பங்கள் உண்டு. கேட்டால்தான் சொல்வார்கள். சக்கர நாற்காலி கேட்கும்போது உங்கள் ஒழுங்கையைச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரி விறாந்தையில் ஓடுகிற சின்னச் சில்லு நாற்காலி எங்கள் கிரவல் ரோட்டில் புதையும், மாரியில் அசையவே அசையாது. கையால் இயக்குகிற மூன்று சில்லு வண்டி கிடைக்குமா என்று கேளுங்கள். செயற்கைக் கால் என்றால் யாழ்ப்பாணத்தில் 1987இலிருந்து இயங்குகிற ஜெய்ப்பூர் நிலையத்தை வன்னியில் தெரியாதவர்கள் குறைவு.

வேலை செய்துகொண்டிருந்தவர் நிரந்தரமாக இயலாமல் போனால் ஊழியர் சேமலாப நிதியை வயது வருமுன்பே எடுக்கலாம், தொழில் திணைக்களத்தில் கேளுங்கள். அரசாங்க உத்தியோகத்தில் இருந்த தாயோ தகப்பனோ இறந்திருந்தால், அவர்களில் தங்கியிருந்த மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு, வளர்ந்த பிள்ளையாக இருந்தாலும், அநாதைகள் ஓய்வூதியம் கிடைக்க வாய்ப்பிருக்கிறது. இதை எத்தனையோ குடும்பங்கள் கேட்டதே இல்லை, பிரதேச செயலகத்தின் ஓய்வூதியப் பிரிவில் விசாரியுங்கள். அரச வேலை வெற்றிடங்களில் 3 வீதம் மாற்றுத்திறனாளிகளுக்கு என்று 1988ஆம் ஆண்டின் 27/88 சுற்றறிக்கை சொல்கிறது, படித்த பிள்ளைகள் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அந்த இலக்கத்தைக் கடிதத்தில் குறிப்பிடலாம்.

காசு வரத் தொடங்கியதும் பைலைத் தூக்கி எறியாதீர்கள். வீடு மாறினால், பாதுகாவலர் இறந்தால், அடையாள அட்டை இலக்கம் மாறினால் உடனே அறிவியுங்கள், மீளாய்வு வரும்போது அதே தாள்களைத் திரும்பக் கேட்பார்கள். பைலின் முன்பக்கத்தில் ஒரு தாள் ஒட்டி, எந்தத் திகதியில் எங்கே போனது, யார் என்ன சொன்னார், அடுத்து எப்போது வரச் சொன்னார் என்று எழுதிக்கொண்டே வாருங்கள். அண்ணாவின் பைல் அலுமாரியின் மேல்தட்டில், மழை ஒழுக்குப் படாமல் பொலித்தீன் பையில் சுற்றிக் கிடக்கிறது. அது எங்கே இருக்கிறது என்று இப்போது அவருடைய மூத்த மகளுக்கும் காட்டியாயிற்று, கடைசியாக எழுதியிருக்கிற மூன்று வரியும் அவளுடைய எழுத்துத்தான்.